அந்தப் பெரியவர் என் வீட்டுக்காரர் அல்ல

தீவு வாரச் செய்தி ஆசிரியர் ஹால்வர் அவர்களுக்கு,

கோடியாக் தீவின் தென்கரையிலிருந்து அக்ரபீனா எழுதுவது. நாங்கள் இங்கே நலம், மழைதான் விடவில்லை. உங்கள் படகும் உங்கள் மனைவியின் இடுப்பு வலியும் இப்போது எப்படி இருக்கின்றன?

எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த பேரன் ரோமன் இருபத்து நாலு வயதில் சொந்தப் படகுக்குத் தலைவன். இரண்டாவது பேத்தி வசிலீசா ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தைகள் பிரிவில். மூன்றாமவன் திமோபே மல்யுத்தத்தில் மாநிலத்திலேயே மூன்றாவது இடம். அதை நீங்கள் உங்கள் பத்திரிகையில் போட்டீர்கள், பெயரைத் தப்பாகப் போட்டீர்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குட்டி லரீசா எங்கள் வம்சத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், மீன்களைப் பற்றிப் படித்து, இந்தக் கோடைக்கு ஓர் ஓடையில் சால்மன் எண்ணுகிற வேலைக்குப் போயிருக்கிறாள். முகாமிலிருந்து எண்ணுமிடத்துக்குத் தினமும் நாலு மைல், புதர்க் காட்டு வழி, தனியாக நடக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று மீன் பதப்படுத்தும் ஆலைக்குப் போனவள். ஆனாலும் போன வாரம் உங்கள் பத்திரிகையின் காவல் குறிப்புகளில் வந்ததைப் படித்துப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்பு தாராளமாகப் போதும். நீங்கள் போட்டது இது:

"செவ்வாய், காலை 11.20. முதியவர் ஒருவரைச் சுட ஏற்ற துப்பாக்கி எது என்று முதிய பெண் ஒருவர் விசாரித்ததாகக் கடையிலிருந்து தகவல். காவலர் வீட்டுக்குச் சென்றார். முதியவர் உயிருடன் இருந்தார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்."

பக்கத்திலேயே படம். என் வீட்டுக்காரர் நிகிபோர் கிழிந்த பனியனோடு வாசலில் நின்று பல்லைக் காட்டுகிறார். இதுவரை ஏழு பேர் எனக்குப் போன் செய்து, அவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டார்கள். கோயிலில் பாதிரியார் எனக்கு மட்டும் நீளமாக ஜெபம் செய்தார்.

ஐயா, நீங்கள் பதினெட்டு வருஷமாக இந்தத் தீவில் மீன் தின்கிறீர்கள். நாலு காலில் நடந்து, ஓடையில் சால்மன் பிடித்து, பனிக்காலம் முழுக்கக் குகையில் உறங்குகிறவரைத்தான் எங்கள் வீட்டில் 'பெரியவர்' என்போம் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டோம், இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். சொன்னால் அவர் காதில் விழும். அதிலும் வீட்டில் ஒருத்தி காட்டுக்குப் புறப்படுகிற வாரத்தில் சொன்னால், அவளைப் போய்ப் பார் என்று நாமே அவரிடம் வழி சொல்லி அனுப்பியது போல. கடைக்காரப் பையனும் காவலரும் புதிது, விட்டுவிடலாம். உங்களை எப்படி விடுவது?

நான் துப்பாக்கிக் கடைக்கு ஏன் போனேன் என்பதைக் கேளுங்கள். லரீசா வியாழக்கிழமை விமானம் ஏற வேண்டும், திங்கள் வரைக்கும் அவள் தோளில் எது போவது என்று வீட்டில் முடிவாகவில்லை. அவள் தாத்தா தன் பழைய பெரிய ரைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் தூக்க ஒரு ஆள், சுட ஒரு ஆள் வேண்டும், மேலே தொலைநோக்கி வேறு. பதினைந்து அடியில் புதரிலிருந்து வருகிறவரைத் தொலைநோக்கியில் பார்த்தால் மூக்கு மயிர்தான் தெரியும். என் மகன் சவ்வா, குண்டு போட்ட ஷாட்கன்தான் சரி என்றான். நல்ல ஆயுதம், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் மூன்று முறை சுட்டதில் பிள்ளையின் தோள் கன்றிப்போய் நாவல்பழ நிறமாகிவிட்டது. மருமகன் கெவின் தீவுக்காரர் இல்லை, பெருநிலத்திலிருந்து வந்தவர், மார்பில் கட்டிக்கொள்ளும் பெரிய ரிவால்வர் வைத்திருக்கிறார். எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை சுட்டுக் காட்டினார், அது துள்ளி வந்து அவர் நெற்றியிலேயே இடித்தது. "பழகினா சரியாயிடும் அத்தை" என்றார், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. லரீசாவோ, "பாட்டி, எனக்கு மிளகாய் ஸ்ப்ரே போதும், வேலையில சேரும்போதே பழக்கிக் கொடுத்தாங்க" என்கிறாள். மிளகாய் சமையலுக்கு! நான் சொன்னது ஒன்றுதான்: குட்டையாக, லேசாக, தொலைநோக்கி இல்லாமல், அடியிலுள்ள நெம்புகோலை இழுத்தால் அடுத்த தோட்டா ஏறுகிற ரைபிள். மூச்சு இழுத்து விடுவதற்குள் தோளுக்கு வர வேண்டும். பைக்குள் கிடக்கிற துப்பாக்கியும் வீட்டில் கிடக்கிற துப்பாக்கியும் ஒன்று.

கடையில் இருந்த பையன் மூன்று வாரம் முன்பு ஏதோ பாலைவன ஊரிலிருந்து வந்தவன்.

"என்ன வேணும்மா?" என்றான்.

"பெரியவருக்கு ஒரு துப்பாக்கி பாக்கணும் தம்பி."

"பரிசாக் கொடுக்கவாம்மா?"

"பரிசா! அவர் மேல வந்தா சுடறதுக்கு."

அவன் சிரித்தான். "ஏதாவது மிருகத்தையாம்மா சொல்றீங்க?"

"சீ, மிருகம்னு சொல்லாதே! மரியாதையாப் பேசு. அவருக்குக் காது கூர்மை."

சிரிப்பு நின்றுவிட்டது. "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாம்மா?" என்றான்.

"சண்டை எதுக்கு? அவர் வழியில அவர் போனா நம்ம வழியில நாம போவோம். போன வருஷம் புகைக்கொட்டகைக் கதவைப் பிச்சுப் போட்டுட்டு நாப்பது மீனைத் தின்னுட்டுப் போனார், நான் ஒரு வார்த்தை சொல்லலையே. பனிக்காலத்துல தொல்லையே இல்ல, தூங்கிட்டே கிடப்பார். இப்ப பேத்தி விஷயம். சுட்டா ஒரே வெடியில விழணும். காயத்தோட விட்டா ரொம்பக் கோவப்படுவார்."

"பேத்தியும் இதுல இருக்காங்களா?"

"அவளுக்குத்தானே துப்பாக்கியே!"

பையன் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "கொஞ்சம் இருங்கம்மா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். அரை மணி கழித்து வந்து, இன்றைக்கு விற்பனை இல்லை என்கிறான். வீட்டுக்கு வந்தால் காவலர் என் அடுப்பங்கரையில் நிற்கிறார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்கிறார்:

"ஐயா, இந்த வீட்டுல நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா?"

விஷயம் என்னவென்று அந்த மனுஷனுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவர் மீசை துடித்ததை நான் பார்த்தேன். "ஐம்பத்திரண்டு வருஷமா பயந்துகிட்டேதான் இருக்கேன் தம்பி. உக்காருங்க, டீ குடிக்கலாம்" என்றார்.

காவலர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, பெரியவரைச் சுடணும்னு சொன்னது உண்மையா?" என்றார்.

"உண்மைதான். லரீசா போற வழியில வந்து நின்னா வேற என்ன பண்றது?"

"ஐயா, நீங்க ஏன் பேத்தி வழியில போய் நிக்கறீங்க?"

"முட்டி வலி தம்பி. எங்க நின்னேனோ அங்கேயே நின்னுடறேன்."

நான் வேறு வழியில்லாமல் காவலரின் குறிப்பேட்டை வாங்கிப் படம் வரைந்து காட்டினேன். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "நாய்க்குட்டியாம்மா?" என்றார். என் வீட்டுக்காரர் டீ புரையேறி மேஜையில் சாய்ந்துவிட்டார். கடைசியில் லரீசாதான் மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு வந்து, சுவரிலிருந்த நாள்காட்டியில் ஜூலை மாதப் படத்தைத் திருப்பிக் காட்டினாள். காவலர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெயரைச் சொன்னார். உரக்க. சிரித்துக்கொண்டே. மூன்று முறை! என் அடுப்பங்கரையில், பேத்தி காட்டுக்குப் போக இரண்டு நாள் இருக்கையில்! கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. அதை உங்கள் காவல் குறிப்புகளில் போட்டீர்களா? போடவில்லை.

மறுநாள் சவ்வாவைக் கடைக்கு அனுப்பி நான் சொன்ன ரைபிளையே வாங்கி வரச் செய்தேன். வியாழக்கிழமை அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தாத்தாவோடு கடல் விமானம் நிற்கிற துறைக்கு இறங்கிப் போனாள், நான் வீட்டு வாசலிலிருந்து கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

ஆகவே அடுத்த இதழில் முதல் பக்கத்தில் நீங்கள் திருத்தம் போட வேண்டும். அக்ரபீனா எந்தக் காலத்திலும் தன் வீட்டுக்காரரைச் சுட நினைத்ததில்லை என்று தெளிவாக இருக்க வேண்டும். இன்னொன்றும் எழுதுங்கள். 'பெரியவர்' என்று அவ்வளவு மரியாதையாக நான் சொன்னதிலிருந்தே அது என் வீட்டுக்காரர் இல்லை என்று என்னைத் தெரிந்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வலைகள் கிழியாமல் இருக்கட்டும், உங்கள் அச்சு இயந்திரம் நிற்காமல் ஓடட்டும், உங்கள் பிள்ளைகள் நனையாமல் கரை சேரட்டும். மனைவிக்கு என் அன்பு. அடுத்த முறை வந்தால் மாவுக்குள் மீன் வைத்துப் பிரோக் சுட்டு வைக்கிறேன், கோபம் வேறு, சாப்பாடு வேறு.

இப்படிக்கு,
அக்ரபீனா

பின்குறிப்பு: திருத்தம் போட வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது லரீசா முகாமிலிருந்து போனில் பேசினாள். "பாட்டி, நேத்து பெரியவர் வந்தார்" என்கிறாள். முப்பது அடியில் எழுந்து நின்று பார்த்தாராம். இவள் ஓடவில்லையாம். ஸ்ப்ரேயை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, நான் மீன் எண்ணத்தான் வந்தேன், எடுக்க வரலை, நீங்க போங்க" என்று மெதுவாகச் சொன்னாளாம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டாராம். "துப்பாக்கி எங்கேடி?" என்றேன். "அதைத் துறையிலேயே தாத்தா வாங்கிக்கிட்டார் பாட்டி. புதன்கிழமை மூணு தடவை சுட்டேன், மூணு தடவையும் கண்ணை மூடிக்கிட்டேன். கண்ணை மூடிட்டுச் சுடறவ கையில அது இருக்கக் கூடாதுன்னார். உங்ககிட்ட நானே பேசிக்கறேன்னும் சொன்னார்." இன்றைக்கு எட்டாவது நாள், அந்த மனுஷன் இன்னும் என்னிடம் பேசவில்லை. ரைபிள் எங்கள் நீராவிக் குளியலறையில் பலகைக்கு அடியில் சாக்குப்பையில் சுற்றிக் கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் செய்தது சரிதான் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. ஆகவே நீங்கள் போட்ட செய்தி அப்படியே இருக்கட்டும். அதில் தப்பு ஒன்றுமில்லை, கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு உதவி. அன்று துறையில் உங்கள் ஆள் லரீசாவையும் படம் எடுத்ததாகச் சொன்னார்கள். எங்கள் சுவரில் அவள் இன்னும் முன்பல் விழுந்த ஏழு வயதுப் பிள்ளையாகத்தான் தொங்குகிறாள். பெரியவர் முன்னால் ஓடாமல் நின்ற முகம் எப்படி இருக்கிறதென்று நான் பார்க்க வேண்டும். அந்தப் புதுப் படத்தில் ஒரு பிரதி, கொஞ்சம் பெரிதாக, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பி வையுங்கள்.