நாற்பது மணி நேர விமானியான அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அம்மா சமையலறைக் கதவைப் படாரென்று சாத்திவிட்டதால், ஒருவரைத் தவிர எல்லோரும் நலம் என்று வைத்துக்கொள்.

முதலில் என் கண்ணில் பட்டது அம்மாவின் பயணப் பை. நீ பயிற்சி முடித்து விமானிச் சின்னம் வாங்குவதைப் பார்க்க வருவதற்காகப் பத்து நாளாகக் கட்டிலடியில் தயாராக இருந்த பை, நேற்றுக் காலை பரண்மேல் ஏறியிருந்தது. அதிலிருந்த துணியெல்லாம் மறுபடி அலமாரியில்.

காரணம் அப்பா. முந்தாநாள் முடிவெட்டப் போனவரிடம் சலூன்காரர் சும்மா இருக்காமல், "அண்ணே, தம்பி நாப்பது மணி நேரம் ஓட்டிட்டாராமே, இனி பெரிய விமானமும் ஓட்டுவாரா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும்! "ஓட்டுவானாவா? ஸ்டீயரிங் ஸ்டீயரிங்தான்யா. பின்னால ரெண்டு சீட் இருந்தா என்ன, முந்நூறு சீட் இருந்தா என்ன? நான் கார் ஓட்டிக்கிட்டிருந்தவன், எட்டே நாள்ல பஸ்ஸுக்கு மாறலையா?" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதோடு விட்டாரா? அதையே வீட்டில், சாப்பிடும்போது, சலூன்காரர் குரலிலும் தன் குரலிலும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டினார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாப்பது மணி நேரம் கத்துக்கிட்டவன் கையில முந்நூறு பேரைக் குடுத்துடுவாங்களா?"

"தாராளமா!"

"அப்ப நான் போற விமானத்தை எந்த வீட்டுப் பிள்ளை ஓட்டுதோ! நான் வரலப்பா."

அப்பா திகைத்துப்போனார். "அடியே, உன் விமானத்தை ஆயிரக்கணக்கான மணி ஓட்டின பெரியவங்கதான் ஓட்டுவாங்க" என்றார். "அப்ப நம்ம பிள்ளையால முடியாதா?" என்றாள் அம்மா. "யார் சொன்னது? முடியும்!" என்றார். முந்தாநாளிலிருந்து இப்படியே முடியும், முடியாது, முடியும் என்று போய்க்கொண்டிருக்கிறது. அம்மா உன் முகத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது அண்ணா. இந்தத் தடவையும் வராமல் போனால், தானே வரவில்லை என்றதை மறந்துவிட்டு வருடக்கணக்கில் அழுவாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் இதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தை விட்டபின் இரண்டு வருடம் வீட்டு மெஷினில் மிதித்துத் தைத்தேனே, அந்தத் தைரியத்தில்தான் தையல் கம்பெனியில் போய் உட்கார்ந்தேன். ஊசி அதே ஊசி, நூல் அதே நூல். வீட்டில் மிதிக்கிற மாதிரியே கரண்ட் மெஷினையும் ஒரு மிதி மிதித்தேன். நான் காலை எடுப்பதற்குள் அது துணியைத் தாண்டி என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டது. மேற்பார்வை அக்காவைக் கூப்பிடக் கூச்சம். டீ நேரத்தில் அவர் வந்து, "ஏன்டி, டீ குடிக்க வரல?" என்றார். "அப்புறம் வரேன்க்கா" என்று மெஷினோடு ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் நூல் கோர்க்காமல் வெறும் காகிதத்தில்தான் ஓட்டவிட்டார்கள். நம் கை போவதற்குள் பெரிய மெஷின் போய்விடுகிறது. விமானமும் அப்படித்தானே இருக்கும்?

அதனால் அம்மா பேருக்கு ஒரே ஒரு வரி எழுது: "பெரிய விமானத்தை எனக்கு ஓட்டத் தெரியாது, தொடக்கூட விடமாட்டார்கள்." போனில் சொல்லிவிடாதே, அப்பா ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். அவருக்கு, சின்ன விமானத்தை இறக்குவதுதான் ரொம்பக் கஷ்டம் என்று தனியாக எழுது. பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. மேலே இருக்கும்போது யாருக்கும் கையசைக்காதே, இரண்டு கைக்கும் வேலை இருக்கட்டும். நீ நல்லபடியாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் ஊமைக்கோட்டான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அம்மா பார்த்துவிட்டாள். "வாசி" என்றாள். வாசித்தேன். சட்டைக் கை கதை அவளுக்கு இதுவரை தெரியாது. "டீ குடிக்காமலா உட்கார்ந்திருந்தே?" என்று கேட்டாள். பிறகு, "அவனும் உன் கூடப் பிறந்தவன்தானே. எங்கயாவது மாட்டிக்கிட்டாலும் வாயைத் திறந்து சொல்லமாட்டான். நாப்பது மணி நேரத்துல ஒரு டீயாவது குடுத்தாங்களான்னு நானே நேர்ல போய்க் கேக்கறேன்" என்று நாற்காலி போட்டு ஏறிப் பையை இறக்கிவிட்டாள். எந்த வீட்டுப் பிள்ளை ஓட்டினாலும் சரியாம்.

அப்பாதான் விமானத்தில் வரவில்லை. பஸ்ஸில் வருகிறாராம், இரண்டு நாள் ஆகும். "டிரைவர் முகத்தைப் பாக்காம நான் எந்த வண்டியிலயும் ஏறினதில்ல" என்கிறார்.

தபால்தலையைப் பிய்த்து எடுத்துவிட்டேன். உனக்காக மடித்து வைத்திருக்கும் சட்டைகளுக்கு நடுவே, அம்மாவின் பையிலேயே இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.