கேட்டுச் சொல்கிறேன்

கேட்டுச் சொல்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். டீயா காப்பியா என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை லேசாக மூடுவார். கை சட்டைப் பைக்குள் கிடக்கும் சின்ன மரச்சிலுவையைத் தேடும். பிறகு மேலே ஒரு பார்வை. அங்கே மின்விசிறிதான் இருக்கும். "கேட்டுச் சொல்றேன்" என்பார். உங்களுக்கு டீ ஆறிவிடும். அவருக்குப் பதில் இன்னும் வந்திருக்காது.

கடவுளிடம் கேட்பது தப்பா என்று சண்டைக்கு வராதீர்கள். தப்பே இல்லை. ஞானம் வேண்டுமென்று கேட்கிறவனுக்குக் கிடைக்கும் என்பது எங்கள் சபையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இந்த இனம் ஞானத்தைக் கேட்பதில்லை. வெண்டைக்காயா கீரையா என்று கேட்கும்.

எங்கள் ஷூப்ரா பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நாஷித் இந்த இனத்தில் முதல் தரம். நாள் முழுவதும் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்முன் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா? யோசிக்காம சொல்லுங்க" என்று அதட்டுகிற மனிதர், கடையைப் பூட்டி வெளியே வந்ததும் வலப்பக்கம் நடப்பதா இடப்பக்கம் நடப்பதா என்று நடைபாதையில் நின்றுவிடுவார். வீடு வலப்பக்கம்தான். இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறது.

அவருக்கு வழிகள் பல. வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரலை வைப்பது ஒன்று. சோபாவுக்கு உறை பச்சையா பழுப்பா என்று இப்படி விரலை வைத்ததில், தின்னத் தகுந்த வெட்டுக்கிளிகளின் பட்டியல் வந்தது. பச்சை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் யோசித்தார். அதற்குள் அவர் மனைவி இன்ஸாஃப் பழுப்பில் தைத்துப் போட்டுவிட்டாள். வெட்டுக்கிளி காய்ந்தால் பழுப்புதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வெந்நீர்க் கொதிகலன் ஒழுகியபோது ஆள் கூப்பிடுவதா புதிது வாங்குவதா என்று அறிகுறிக்காகக் காத்திருந்தார். ஒன்பதாம் நாள் கீழ்வீட்டு ஃபிக்ரியா அம்மாள் கையில் வாளியோடு வந்து நின்றாள். அவள் தலையில் சொட்டியதைப் பிடித்த வாளி.

"அறிகுறி வந்திருக்கு. வாளியில இருக்கு. வந்து பாரு" என்றாள் இன்ஸாஃப்.

இன்னொரு முறை பேருந்தேறிப் பாலைவன மடத்துக்குப் போய், வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, ஒரு மூத்த துறவியிடம் கடையை விரிவாக்கலாமா என்று கேட்டார். துறவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்தி, தண்ணி நிறையக் குடி" என்றார். இதன் உட்பொருள் என்ன என்று நாஷித் ஈஸ்டர்வரை யோசித்தார். துறவிகள் சும்மா பேசுவார்களா?

இதையெல்லாம் அதிகம் சுமந்தவர் பங்குக் குரு அபூனா சரபமூன். நாஷித்துக்கு இருபத்திரண்டு வருடமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர். தொலைபேசியில் நாஷித்தின் எண்ணைப் பார்த்தால் அபூனா வாயில் இருப்பதை மென்று முடித்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகே எடுப்பார். பாலும் விலக்கான நோன்பு நாளில் பல் டாக்டர் வாயில் வைக்கிற பஞ்சில் பால் பொருள் ஏதும் உண்டா என்பது போன்ற கேள்விகளுக்கு நின்றுகொண்டே பதில் சொல்ல முடியாது.

சிரிக்கிறீர்கள். இதுவரை சிரிப்புதான். ஆனால் மகளுக்கு வரன் வந்தது.

திமியானாவுக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் கை கால் விழுந்தவர்களுக்கு நடை பழக்குகிறாள். பெண் கேட்டு வந்தவன் அயாத், லிஃப்ட் பராமரிப்பு எஞ்சினியர். அவனும் அவன் தாயும் வந்த அன்று நாஷித் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. தாயைக் கைத்தாங்கலாக ஆறு மாடி ஏற்றிக் கொண்டுவந்து உட்கார வைத்தான். சர்பத் குடித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிஷம் என்று எழுந்து போனான். முக்கால் மணி நேரம் கழித்துக் கையெல்லாம் கிரீஸோடு லிஃப்டில் ஏறி வந்தான். கட்டடமே கைதட்டியது. இதைவிட என்ன வேண்டும் என்றார்கள் ஆறு மாடிக்காரர்களும். நாஷித் மட்டும் அசையவில்லை. அது அவன் தொழில்தானே, அதை எப்படி அறிகுறியில் சேர்ப்பது?

அயாத்தின் தாய் போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "பெருநோன்பு தொடங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நோன்பில நிச்சயம் பண்ண முடியாது. அம்பத்தஞ்சு நாள் அவனை இழுத்து வைக்க என்னால ஆகாது. பதில் வரலன்னா உங்களுக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கறோம்."

இருந்தது மூன்று வாரம். நாஷித் கடைக்குப் போனார், வந்தார். பொருந்தாத கண்ணாடியை இரண்டு பேருக்குக் கொடுத்து அனுப்பினார்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மனிதர் பிறவியிலேயே இப்படி அல்ல. முப்பது வருடத்துக்கு முன், தகப்பன் போன பிறகு, தங்கை நர்கிஸுக்குத் தெற்கே தொலைவிலுள்ள அஸ்யூத்திலிருந்து ஒரு வரன் வந்தது. வந்தவன் நன்றாக உடுத்தியிருந்தான், நன்றாகப் பேசினான். நாஷித் அங்கேயே தலையாட்டினார். எங்கள் சபையில் போட்ட முடிச்சு அவிழாது. நர்கிஸ் இன்னும் அஸ்யூத்தில்தான் இருக்கிறாள். பெருநாளுக்குப் பெருநாள் தொலைபேசியில், நன்றாக இருக்கிறேன் என்கிறாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நாஷித் ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடமாட்டார். அன்று யாரையும் கேட்காமல் முடிவெடுத்ததால் வந்த வினை இது என்று தீர்மானித்துக்கொண்டார். அன்று முதல் கேட்கிறார். வெண்டைக்காய்க்கும் கேட்கிறார்.

மனிதனால் முடிவு கட்ட முடியாத விஷயத்துக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. மூன்று துண்டுத் தாள். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை'. மூன்றாவதில் எதுவும் எழுதுவதில்லை. அது வந்தால் பொறுத்திரு என்று பொருள். மடித்து உறையிலிட்டுக் குருவிடம் கொடுத்தால் பலிபீடத்தில் வைத்துப் பூசை செய்வார். பிறகு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். சபைத் தலைவரையே கடைசியில் இப்படிச் சீட்டெடுத்துத்தான் தெரிந்தெடுக்கிறோம். சோபா உறைக்கு அபூனா இதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. மகள் கல்யாணம் என்றதும் தாடியைத் தடவிக்கொண்டு, சரி எழுதிக் கொண்டுவா என்றார்.

நாஷித் ஒரு மாலை முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். ஒட்டிய உறையை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று ஞாயிறு அது பலிபீடத்தில் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு. மறுநாள் நோன்பு. பூசை முடிந்து ஜனம் கடைசி இறைச்சிச் சாப்பாட்டுக்காக வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸாஃப் வாத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்திருந்தாள். நாஷித்தும் அவளும் திமியானாவும் முன்வரிசை பெஞ்சருகே நின்றார்கள். அபூனா உறையைப் பிரித்து, ஜெபித்து, ஒரு தாளை எடுத்து விரித்தார்.

வெறும் தாள்.

நாஷித்தின் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. "பொறுக்கணும்னு வந்திருக்கு அபூனா. என்ன செய்யறது, அவர் சித்தம்" என்றார். குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் இல்லை.

திமியானா தரையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் மட்டும் நாஷித்தின் முகத்தைப் பார்த்தார். வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். இரண்டாவது தாளைப் பிரித்தார். வெறும் தாள். மூன்றாவதையும் பிரித்தார்.

மூன்றையும் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்தார்.

"எழுதத்தான் உட்கார்ந்தேன் அபூனா" என்றார் நாஷித். "ஆம்னு எழுதினா அதுவே வந்துடுமோன்னு பயம். இல்லன்னு எழுதினா அது வந்துடுமோன்னு பயம்."

"மூணு வாரமா கடவுளுக்கு வெத்துக் கடுதாசி போட்டிருக்கே" என்றாள் இன்ஸாஃப். "அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாரு."

அபூனா சிரிக்கவில்லை. "நர்கிஸ் விஷயமா?"

நாஷித் தலையாட்டினார். "அன்னிக்கு நான் யாரையும் கேக்கல அபூனா."

"நர்கிஸைக் கேட்டியா?"

நாஷித்தின் கை சட்டைப் பைக்குப் போனது. சிலுவை அங்கேதான் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. சுவரோவியத்துப் புனிதர்களை ஒருமுறை பார்த்தார். அவர்கள் வழக்கம்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகத் திரும்பினார். மூன்று வாரத்தில் அபூனாவை, மடத்துத் துறவியை, வேதத்தை, கடைக்கு வந்த கிட்டப்பார்வைக்காரர்களை, ஃபிக்ரியா அம்மாளைக்கூடக் கேட்டிருந்தார்.

"உனக்கு அவனைப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்கு பாபா" என்றாள் திமியானா. "அவங்கம்மா ஏறி வந்த படியில திரும்ப இறங்கக் கூடாதுன்னு எழுந்து போனாரே, அப்பவே பிடிச்சுது. காதுதான் கொஞ்சம் பெருசு. அதுக்கு மடத்துக்குப் போக வேணாம்."

அபூனா அங்கியின் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "இப்ப எழுது. யோசிக்காம."

நாஷித் பேனாவை வாங்கினார். பெஞ்சில் குனிந்தார். நிமிர்ந்தார்.

"நீல மையா இருக்கே அபூனா. பரவாயில்லையா?"

"நாஷித், வாத்து கருகுது" என்றாள் இன்ஸாஃப்.

எழுதினார். கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனாலும் கண்ணாடி போடாமலே எல்லோராலும் படிக்க முடிந்தது. வாத்து ஒருபக்கம் கருகித்தான் போயிருந்தது. சாப்பாட்டுக்கு அயாத்தும் தாயும் வந்தார்கள், லிஃப்டில். சாயங்காலம் நாஷித் அஸ்யூத்துக்குத் தொலைபேசி போட்டார். பெருநாள் அல்ல என்பதால் நர்கிஸ் பயந்துபோய், யாருக்கு என்ன ஆச்சு என்றாள். அவர் செய்தி சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார், முப்பது வருடம் தாமதமாக. அவள் நெடுநேரம் பேசினாள். அவர் நெடுநேரம் கேட்டார். அந்த மாதிரிக் கேட்பது அவருக்குப் புதிது.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலை, நோன்பின் முதல் நாள், அவித்த மொச்சையில் எலுமிச்சை முதலில் பிழிவதா எண்ணெய் முதலில் விடுவதா என்று கரண்டியோடு நின்றார்.

உங்களுக்கு இப்படி எல்லாம் இல்லை, அப்படித்தானே? நல்லது. நீங்கள் மடத்துக்குப் போகிறவர் அல்ல, சீட்டு மடித்துக் கொடுப்பவர் அல்ல. பத்து நண்பர்களுக்குத் தொலைபேசி போடுவீர்கள், அல்லது முழங்காலில் நிற்பீர்கள், அல்லது நல்ல நாள் பார்ப்பீர்கள். பதில் தெரிந்த ஆள் மட்டும் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பார். நான் சொல்வது உங்களை இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவசரமில்லை.

கேட்டுச் சொல்லுங்கள்.