ஷெரீப் வீட்டு ஓட்டு

இனிமேல் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை என்று ஷெரீப் ஆர்வில் டன்ஸ்டால் முகச்சவரம் செய்துகொண்டே சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். மனைவி ஹெட்டி பக்கத்து அறையில் இருந்தாள்.

அமெரிக்காவின் வயோமிங்கிலேயே துப்பாக்கி இல்லாத ஒரே ஷெரீப், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, அவர்தான். கொள்கை மனிதர் என்று சேஜ் ஃபோர்க் ஊரே நம்பியது. கொள்கையாவது ஒன்றாவது! மூன்று வருஷத்துக்கு முன்பு, துப்பாக்கியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஹெட்டியின் அடுப்புப் புகைக்குழாயில் ஓட்டை போட்டார். அன்றைக்கே அவள் துப்பாக்கியைப் பிடுங்கி மாவுப் பீப்பாயில் புதைத்துவிட்டாள். அதற்கப்புறம் ஊர்ச் சண்டையெல்லாம் ஆர்வில் பேசிப் பேசியே தீர்த்து வைத்தார். வேறு வழி?

இப்போது ஷெரீப் பதவிக்குத் தேர்தல். எதிர்த்து நிற்கிற பர்டிக் இரண்டு துப்பாக்கி கட்டிக்கொண்டு தெருவில் நடக்க, ஊர் வாயைப் பிளந்தது. ஆர்விலுக்குச் சோறு இறங்கவில்லை. ஷெரீப் குடும்பம் குடியிருந்தது ஜெயிலின் பின்கட்டில். வேலை போனால் வீடும் போச்சு. ஹெட்டி ரயிலில் வரவழைத்துப் பொருத்திய புது இரும்பு அடுப்பும் போச்சு.

எனவே ஒரு திட்டம் போட்டார். சம்பள நாள் தவறாமல் குடித்துவிட்டு ஜெயிலில் வந்து படுக்கிற மாட்டுக்காரன் லெம் இருக்கிறானே, அவனுக்கு ஒரு பாட்டில் விஸ்கி. பதிலுக்கு அவன் சனிக்கிழமை மத்தியானம் கொள்ளைக்காரன் வேஷத்தில் வரவேண்டும். ஊர் பார்க்க ஆர்வில் அவனை மடக்குவார். மிரட்டல் கடிதாசியை அவரே எழுதி, அவரே வாசலில் கண்டெடுத்தார்.

ஹெட்டி வாங்கிப் படித்தாள்.

"சனிக்கிழமை வந்து ஷெரீப் உயிரை எடுப்பேன்... இப்படிக்கு கறுப்புக் கை ஜேக். ஏங்க, யாருங்க இது?"

"பயங்கரமான ஆளு ஹெட்டி. ஏழு கொலை."

"கையெழுத்து உங்களுது மாதிரியே இருக்கே?"

"எ... எல்லாரும் படிச்சது ஒரே மாதிரி பள்ளிக்கூடந்தானே!"

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்கு எழுதினதுல, உயிரைக் கொடுப்பேன்னு இருந்துச்சு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? துப்பாக்கிய எடு."

"தாராளமா எடுத்துக்கோங்க."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே என்று அந்த மனுஷன் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா?

சனிக்கிழமை மத்தியானம் தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம். பர்டிக்கும் வந்திருந்தான். லெம் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கோவேறு கழுதை மேல் வந்து இறங்கினான்.

"ஜேக்! துப்பாக்கியக் கீழ போடுடா!" என்று ஆர்வில் தன்னுடையதை உருவி நீட்டினார். குழலிலிருந்து அரைக் கிண்ணம் மாவு கொட்டியது.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"லெம், அடுப்புல சுட்ட ஆப்பிள் பை சூடா இருக்கு. பூட்ஸைத் துடைச்சுட்டு உள்ள வா."

"இதோ வந்துட்டேம்மா!"

லெம் கைக்குட்டையை அவிழ்த்தான். தொப்பியைக் கழற்றினான். துப்பாக்கியை ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தான். பூட்ஸைத் துடைத்துக்கொண்டு ஜெயிலுக்குள் போய், கதவையும் தானே சாத்திக்கொண்டான். அப்புறம் துணிக்கடைப் பக்கம் நின்ற பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். வயோமிங்கில் பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்பதை ஆர்வில் அந்த நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தேர்தல். ஓட்டுச் சீட்டில் பிடித்தவர் பெயரை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போய்ப் பெட்டியில் போடுவது அங்கே வழக்கம்.

"உங்க எழுத்து எண்ணுறவங்களுக்குப் புரியாது. நானே எழுதித் தரேன்" என்று ஹெட்டி சீட்டை மடித்து அவர் கோட்டுப் பையில் வைத்து, காலரையும் சரிசெய்து அனுப்பினாள். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பூரித்துக்கொண்டே ஆர்வில் நேரே போய்ச் சீட்டைப் பெட்டியில் போட்டார்.

சாயங்காலம் எண்ணினார்கள். பர்டிக், நாற்பத்தொன்று. ஆர்வில் டன்ஸ்டால், ஒன்று. ஹெட்டி டன்ஸ்டால், அறுபத்திரண்டு.

ஆர்வில் வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். ஹெட்டி புது அடுப்பில் காபி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவள் மார்பில் ஷெரீப்பின் நட்சத்திர வில்லை.

"நீ எப்படி ஹெட்டி... எனக்கு எதிரா..."

"நீங்க தோக்கப் போறது ஊருக்கே தெரியும். வீட்டைக் காலி பண்ணிட்டு இந்த அடுப்பை எங்க தூக்கிட்டு அலையறது?"

ஆர்வில் பெருமூச்சு விட்டார். "போகட்டும். என் ஓட்டு ஒண்ணாவது எனக்கு விழுந்துச்சே."

"அது நான் போட்டதுங்க. கட்டின புருஷனை விட்டுக்கொடுப்பேனா?" என்று ஹெட்டி காபியை நீட்டினாள். "உங்க ஓட்டு எனக்கு விழுந்துச்சு."