வேன் டாக்டரின் கால் விரல்

கேமரன் மலையில் நோய்கள் உண்டானதே எங்கள் வேன் டாக்டர் வந்த பிறகுதான். அதற்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டே நோய்கள் இருந்தன: 'உடம்பு சரியில்ல', 'ரொம்பச் சரியில்ல'. முதலாவதற்குச் சுடுதண்ணீர். இரண்டாவதற்கு, சொந்தக்காரர்களுக்குப் போன். இவர் வந்து வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கொஞ்ச நாளில் எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு வீடு கொலஸ்ட்ரால், கவுட், வாயு, இனிப்பு நீர் எல்லாம் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு குடியேறிவிட்டன.

அவர் டாக்டர் இல்லை. டாக்டருக்குத் தூரத்து உறவுகூட இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் தோட்டத்து நோயாளிகளை வேனில் ஏற்றி, மேலே டவுன் கிளினிக்கில் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. அவருக்கு ஒரு பெயரும் உண்டு. அது ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இருக்கிறது, அதை உபயோகித்தவர்கள் ரோட்டில் மறித்த போலீஸ்காரர்கள் மட்டும். தலையில் எப்போதும் ஸ்ட்ராபெரி வடிவத்தில் ஒரு கம்பளித் தொப்பி. சுற்றுலா வரும் குழந்தைகளுக்கு விற்பது. அதைப் போட்டுக்கொண்டு அவர் மரணத்தைப் பற்றிப் பேசும்போது கேட்கிறவனுக்கு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாது. கோயிலில்கூட அதைக் கழற்றியதில்லை. பூசாரி கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் தொப்பிக்கே திருநீறு பூசிவிட்டார்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. படித்தவன். ஆகையால் எனக்கிருந்த நோய்களை என்னால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத முடிந்தது. அவை என்னவென்று மட்டும் தெரியாது. பிரஷர் என்று கிளினிக்கில் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்து வேனில் ஏறினேன். அது பள்ளி விடுமுறைக் காலம். பிரிஞ்சாங்கிலிருந்து ரோடு முழுக்கச் சுற்றுலாக்காரர்களின் காடிகள். வேன் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"கிராணியாரே, இந்த ரோட்ட சாதா நாள்ல பாத்திருக்கீங்கல்ல? எப்படிக் காத்தாடும்? ரோடு அதே ரோடுதான். கே.எல். பட்டணத்துக்காரன் பூரா காடியத் தூக்கிட்டு மேல ஏறிட்டான். இப்ப பாருங்க, முட்டுறான், ஹாரன் அடிக்கிறான், ஓரம் பேருது. உங்க ரத்தக்குழாயில நித்தம் ஸ்கூல் லீவு லா. அதான் பிரஷர்."

"மாத்திரை?"

"மாத்திரை போலீஸ்காரன். நடுரோட்டுல நின்னு கையக் காட்டுற வரைக்கும் எல்லாம் ஒழுங்காப் போவான். 'இன்னிக்கி நல்லாத்தான இருக்கு'ன்னு போலீஸ்காரன வீட்டுக்கு அனுப்புனீங்க, செத்தீங்க."

நான் அதுவரை அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இனிப்பு நீருக்கு அவர் வைத்திருந்தது காய்கறி லோரி. கேட்டவர் அஞ்சலை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அறிவிக்கப்படாத தலைவி. தோட்டத்து மேனேஜரான துரையே அவளிடம் ஒரு படி இறங்கி நின்று பேசுவார்.

"நல்லாத்தான் திங்கிறேன், அப்புறமும் ஏன் டாக்டரே கை காலெல்லாம் ஓஞ்சு போவுது?"

"ஒடம்புல ஒவ்வொரு சதையும் ஒரு கடைன்னு வச்சுக்க. நீ சோறு தின்னா சக்கரை லோரியில ஏறிக் கடைக்கு வருது. கடைக் கதவத் தொறந்து விட ஒரு ஜாகா இருக்கான். அவன் பேருதான் இன்சுலின். காவக்காரன் தூங்கிட்டான்னா? லோரியெல்லாம் ரோட்டுலயே நிக்கும். ரோட்டுல முட்டகோசு அழுவுது, கடைக்காரன் உள்ள பட்டினி கெடக்கான். அந்தக் கடைக்காரந்தான் ஒன் கையும் காலும்."

கிட்னிக்கு ரிங்லெட் ஏரி. "மேல காட்ட வெட்டுனவன் மண்ணையெல்லாம் கீழ தள்ளி விட்டா ஏரி என்னா செய்யும், பாவம்? ரொம்புது. ஏரியத் திட்டி என்னா பண்றது, மேல வெட்டுறத நிறுத்தணும்." இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு உப்பையும் சர்க்கரையையும் குறைக்கச் சொன்னதில்லை.

நோயை விளக்குவதில் அவர் மகான். மருந்து சொல்ல ஆரம்பித்தால்தான் வேனிலிருந்து குதித்துவிட வேண்டும். அவரிடம் இருந்த ஒரே மருந்து முட்டைக்கோஸ் இலை. கவுட்டுக்குச் சுடவைத்துக் கட்டு. முட்டிவலிக்கு அரைத்துப் போடு. மூலத்துக்கும் முட்டைக்கோஸ்தான், எங்கே, எப்படிக் கட்டுவது என்று கேட்ட கங்காணிக்கு இன்றுவரை பதில் வரவில்லை. அவருடைய மச்சான் லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் பயிர் செய்கிறார் என்பது தற்செயலான விஷயம்.

அதைவிடப் பெரிய சாதனை ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனையை அவர் தோட்டத்துக்கே ஒரு பரீட்சையாக மாற்றியிருந்தார். ரத்தம் எடுக்கும் செவ்வாய்க்கு முந்தைய வெள்ளியே லயத்துக்கு வந்து அறிவித்துவிடுவார்: "நாளையிலருந்து எல்லாரும் கோப்பி ஓ கோசோங். சோறு ஒரு கை. பாவக்கா ரெண்டு வேள." சீனியில்லாத கறுப்புக் கோப்பியைக் குடித்துக்கொண்டு லயமே துக்க வீடு மாதிரி இருக்கும். செவ்வாயன்று ரத்தம் கொடுப்போம். அளவு அழகாக வரும். திரும்புகிற வழியில் ரிங்லெட்டில் ஒரு கடை முன் வேன் தானாக நிற்கும். ரொட்டி சானாய், சீனி போட்ட தே தாரிக் டீ, வேண்டியவர்களுக்கு இன்னொரு ரொட்டி. பாஸானவர்களுக்கான பசியாறல் அது. வேன் டாக்டர் முன்னே உட்கார்ந்து பரிமாறச் சொல்லி அதிகாரம் செய்வார். நானும் கூச்சமில்லாமல் இன்னொரு ரொட்டி வாங்குவேன்.

பிறகு கிளினிக்குக்கு ஒரு புது டாக்டர் வந்தார். இளம் மலாய்ப் பெண், சிரித்த முகம். அவர் எடுத்தது வேறு ரத்தப் பரிசோதனை. அடுத்த முறை போனபோது முடிவு வந்திருந்தது. ஒட்டுமொத்த வேனும் பெயில்.

அன்றைக்கு டாக்டர் இன்னொன்றும் செய்தார். எங்கள் உள்ளங்காலில் நைலான் நூல் ஒன்றால் குத்திக் குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். வேன் டாக்டர் மட்டும் வழக்கம்போல வெளியே நின்றார். அவர் கிளினிக்குக்குள் போய் யாரும் பார்த்ததில்லை.

திரும்பும்போது வேனில் பேச்சில்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் வண்டி ரிங்லெட் கடையில் நின்றது. எல்லோரும் கோசோங் சொன்னோம். அஞ்சலைதான் ஆரம்பித்தாள்.

"ஏன் டாக்டரே, நீங்க சொன்னபடிதான மூணு நாளு வாயக் கட்டுனோம்? எப்படிக் கண்டுபுடிச்சா அந்தப் பொண்ணு?"

அவர் அசரவில்லை. எழுந்து நின்றார். "இத்தன நாளும் நாம என்னா பண்ணோம்? துரை வர்ற அன்னிக்கி மட்டும் ரோட்டக் கூட்டிக் காட்டுனோம். இந்தப் பொண்ணு ரோட்டப் பாக்கல. ரோட்டுல ஓடுற லோரியோட சக்கரத்தச் சொரண்டிப் பாத்திருக்கு. மூணு மாசமா ஒட்டுன சேறு அதுல அப்படியே இருக்குமில்ல?"

"அது கெடக்கட்டும். காலு எதுக்குக் குத்துனா?"

"அது போன் வயரு. கால்ல முள்ளு குத்துனா மூளைக்குப் போன் வரணும். ரொம்ப நாளு சக்கரை ஏறுனா வயரு அறுந்துரும். அப்புறம் கீழ வீடே பத்தி எரிஞ்சாலும் மேல மணி அடிக்காது." சொல்லிக்கொண்டே கை கழுவும் இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

சிமெண்டுத் தரையில் அவர் போன வழியும் வந்த வழியும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"யாரோ மொளகா சம்பாலக் கொட்டிட்டான்," என்றார்.

அஞ்சலை தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "டாக்டரே, ஒங்களுக்குக் கால்ல வலிக்குதா?"

"வலிக்குது, வலிக்குது. இல்லாமயா?"

"எந்தக் கால்ல?"

அவர் யோசித்தார். "வலது."

ஆணி இடது காலில் இருந்தது. செருப்பைத் துளைத்து, பெருவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. அஞ்சலை அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆணி புதுசு. பக்கத்து விரலில் இருந்த கறுத்த புண் புதுசில்லை. அதைச் சுற்றி முட்டைக்கோஸ் இலை கட்டியிருந்தது.

"அட்டை கடிச்சது லா," என்றார். எங்கள் தோட்டத்தில் எந்தப் புண்ணுக்கும் அட்டையைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

"ஏறுங்க வேன்ல. மறுபடி கிளினிக்குக்குப் போறோம்," என்றாள் அஞ்சலை.

"நான் வர மாட்டேன். என் பேருக்குக் கார்டு போட்டான்னா விஷயம் மேனேஜருக்குப் போவும். சாவியப் புடுங்கிருவாரு."

"காலு போயிருச்சுன்னா சாவிய வச்சு என்னா பண்ணுவீங்க?"

"ஆட்டோ கியர் வண்டி வாங்கச் சொல்லலாமில்ல?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வேன் இல்லாட்டி என்கிட்ட யாரு அஞ்சல வந்து என்னான்னு கேப்பா?"

அஞ்சலை மேசையில் கிடந்த சாவியை எடுத்து என்னிடம் எறிந்தாள். வேனில் வந்தவர்களில் அவரைத் தவிர லைசென்ஸ் வைத்திருந்தவன் நான்தான். மலை வளைவுகளில் நான் ஓட்டிய விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பின்னாலிருந்த எல்லோருக்கும் அன்று பிரஷர் வந்தது. ஒருவருக்கு மலச்சிக்கல் தீர்ந்தது. வேன் டாக்டர் என் பக்கத்தில் தொப்பியை இறுக்கிப் பிடித்தபடி, "கிளட்ச், கிளட்ச்" என்று முனகிக்கொண்டே வந்தார்.

டாக்டரிடம் துணைக்கு என்னையும் உள்ளே கூட்டிப்போனார். அந்தப் பெண் புண்ணைப் பார்த்தார், நூலால் குத்தினார், விரலில் ரத்தம் எடுத்தார். சிரித்த முகம் சிரிப்பை நிறுத்தியது. மலாயும் இங்கிலீஷும் கலந்து நிதானமாக, அக்கறையாக, நீளமாக விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவர் தலையாட்டினார்.

"பாஹாம், அங்கிள்?" புரிந்ததா என்று கேட்டார் டாக்டர்.

"பாஹாம், பாஹாம்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் என் சட்டையைப் பிடித்தார். "கிராணியாரே, அவங்க என்னா சொன்னாங்க?"

ஊருக்கே நோய் விளக்கியவர் கேட்கிறார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "ரத்தத்தில் சர்க்கரையின் அளவு நீண்ட காலமாக அதிகரித்திருந்ததால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, ரத்த ஓட்டம் குறைந்து..."

"தமிழ்ல சொல்லுங்க."

"தமிழ்தான்."

"ரோட்டுல சொல்லுங்க."

நான் ரோட்டைப் பார்த்தேன். எழுத்துத் தமிழில் எத்தனையோ பக்கங்களை வீணடித்தவன். அன்றைக்கு எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்க வெகுநேரம் ஆனது.

"ஜாகா தூங்கி ரொம்ப நாளாச்சு. லோரியெல்லாம் நின்னுருச்சு. போன் வயரு அறுந்துருச்சு. இப்ப ஒங்க லயத்துல கடைசி வீட்டுல தீ. தண்ணி வண்டி அங்க போவ வழியில்ல. அந்த வீட்ட இடிச்சாத்தான் மத்த வீட்டக் காப்பாத்தலாம்."

அவர் காலைப் பார்த்தார்.

"கடைசி வீடு மட்டுந்தானா?"

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனா, கடைசி வீடு மட்டுந்தான்."

"சரி," என்றார். அப்புறம், தொழில் பக்தி விடவில்லை: "அந்தத் தண்ணி வண்டி, அது நல்லாருக்கு. நான் யோசிக்கல."

ஒரு விரல் போனது. கால் இருந்தது. அவர் பயந்தபடியே சாவியும் போனது. புது டிரைவர் வந்தான். நல்ல பையன், வளைவுகளில் வேகம் குறைப்பான், வாயே திறக்க மாட்டான். ஒரே மாதத்தில் செவ்வாய்க்கிழமை வேன் பாதி காலியாகிவிட்டது. மௌனமாக மலை ஏறி, புரியாததைக் கேட்டுக்கொண்டு, மௌனமாக இறங்குவதற்கு எங்கள் ஆட்கள் வீட்டிலேயே இருந்து சாகத் தயாராக இருந்தார்கள். அஞ்சலை ஒரு நாள் பெண்களோடு துரை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். முன் சீட்டில் வேன் டாக்டர் உட்கார்ந்தால்தான் ஏறுவோம் என்றாள்.

துரை என்னைக் கூப்பிட்டார். "வண்டி ஓட்ட மாட்டார். அப்புறம் அவருக்கு அங்கே என்ன வேலை?"

"மொழிபெயர்ப்பாளர் சார்."

"எதிலிருந்து எதுக்கு?"

நான் அவர் மேசையிலிருந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்தேன். துரை அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கும் பிரஷர் உண்டு.

இப்போது அவர் முன் சீட்டில் இருக்கிறார். கால் விரலுக்குப் பதிலாகச் செருப்பில் பஞ்சு. தினமும் காலைப் பார்க்கும் அஞ்சலையிடம் தினமும் சண்டை. பரீட்சைக்கு முந்தைய பட்டினி ஒழிந்தது. ரிங்லெட் கடையில் வேன் நிற்கிறது, ஆனால் கோசோங்குக்கு. முட்டைக்கோஸைப் பற்றி மட்டும் அவர் கருத்து மாறவில்லை. மச்சானும் மாறவில்லை.

போன செவ்வாய் டாக்டர் என் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். கிட்னி என்ற சொல் அதில் அடிக்கடி வந்தது. பாஹாம்? பாஹாம். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து வேன் கதவைத் திறந்தேன்.

"டாக்டரே, ஏரியில கொஞ்சம் மண்ணு சேந்திருக்காம்."

அவர் என்னைப் பார்த்தார். மெல்லக் கையை உயர்த்தி, அந்த ஸ்ட்ராபெரித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"வாங்க, கிட்ட வந்து ஒக்காருங்க," என்றார்.

ரோடு அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் டிரைவரிடம், கொஞ்சம் மெதுவாகவே போப்பா என்றேன்.