சோலார் ஒப்பந்தமும் நிச்சயதார்த்தப் பந்தலும்

ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் குறைவு. நான் அந்தக் குறைவானவர்களில் ஒருவன். ஆபத்து எங்களால்தான் அதிகம்.

எங்கள் தேனி வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பெனி தன் செலவில் சோலார் பேனல் பொருத்தும். அதில் வரும் மின்சாரத்தை நமக்கே குறைந்த விலைக்கு விற்கும். இதுதான் திட்டம். விலை எப்போது ஏறும், இன்வெர்ட்டர் பழுதானால் யார் பொறுப்பு, வீட்டை விற்றால் பேனல் என்ன ஆகும், நடுவில் விலகலாமா என்று பென்சிலால் குறித்துக் குறித்துக் கேட்டேன். (இரண்டு எழுத்துப்பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். கம்பெனி ஆள் கும்பிட்டுவிட்டுப் போனார்.) 'பேனல் மேல் நிழல் விழும்படி எதுவும் அமைக்கக் கூடாது' என்ற பதினோராவது ஷரத்து நியாயமாகவே பட்டது. மாடியில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று மனைவி செல்வியிடம் மட்டும் கேட்கவில்லை.

இருந்தது. மகள் நித்யாவின் நிச்சயதார்த்தம்.

பேனல் இல்லாத பாதியில் மட்டும் பந்தல் போடச் சொன்னேன். "அங்கன இருபது பேரு உக்கார முடியுமா?" என்று கேட்ட செல்வி, எனக்குத் தெரியாமல் மாடி முழுக்கச் சாமியானா கட்டச் சொல்லிவிட்டாள்.

நான் மாடியேறி அதைப் பார்ப்பதற்குள் ஜெயமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தாம்பூலத் தட்டை நடுவில் வைத்த நேரம், என் போனில் கம்பெனியின் செய்தி: 'உற்பத்தி நின்றுவிட்டது. நிழல் விழுகிறதா என்று பார்க்கவும்.'

வேறு யாராக இருந்தாலும் போனைப் பையில் போட்டிருப்பார்கள். நான் எழுந்து போய், பேனல் பக்கத்துக் கயிற்றை மட்டும் மெதுவாக அவிழ்த்தேன். (மொத்தப் பந்தலையும் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு கயிறுதான் என்பது எந்த ஷரத்திலும் இல்லை.) சாமியானா மாப்பிள்ளையின் பெரியம்மா தலையில் இறங்கியது.

பெரியம்மா துணிக்குள்ளிருந்தே பேசினார். "தட்டு மாத்துறதுக்கு முந்தியே பந்தலப் பிரிக்கிறாக. பொண்ணு குடுக்க மனசில்லைன்னா வாயால சொல்ல வேண்டியதான?"

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். அவரோடு மொத்தக் கூட்டமும் எழுந்தது. நித்யாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பதினோராவது ஷரத்துப்படி..." என்று ஆரம்பித்தேன்.

செல்வி குறுக்கே வந்தாள். "அண்ணே, உக்காருங்க. இவுக கரண்டு கம்பெனிக்கு மாடிய எழுதிக் குடுத்துட்டு, நெழலு விழுந்தா குத்தம்னு பயந்து கெடக்காக. பொண்ணுகிட்ட ஒரு கொறையும் இல்ல. அவ அப்பந்தான் இப்பிடி."

அதற்குள் நித்யா கம்பெனிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"விசேஷமா மேடம்? ஒருநாள்தான, தாராளமா கட்டிக்குங்க. முன்னாடியே ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே."

முதலில் சிரித்தது பெரியம்மாதான். மாப்பிள்ளையின் அப்பா உட்காரவில்லை. கயிற்றின் மறுமுனையை எடுத்து என்னிடம் நீட்டி, "இழுத்துப் பிடிங்க சம்மந்தி" என்றார். இருவரும் சேர்ந்து கட்டினோம். பிறகு தட்டு மாற்றினோம்.

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் விதிவிலக்கு உண்டா என்று கம்பெனியிடம் கேளுங்கள். அதற்கும் முன்பு வீட்டில் கேளுங்கள். நித்யாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகிறது. இன்றும் நான் ஜெயமங்கலம் போனால், பெரியம்மா நாற்காலியைப் போட்டுவிட்டுச் சொல்வார்:

"இங்கன உக்காருங்க சம்மந்தி. ஒங்க நெழலு எது மேலயாச்சும் விழுகுதான்னு மட்டும் பாத்துக்கங்க."