மாமன் சேலையும் காற்றாடி மூக்கும்

மண்ணூர்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கோபால் அவர்களுக்கு, மச்சான் ஏகாம்பரநாதன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மகன் மோகன்ராஜும் நலம். அங்கு நீங்களும் உங்கள் மகள் யுவஸ்ரீயும் நலமாக இருப்பீர்கள். தங்கச்சி ஜெயலட்சுமி கோபமாக இருப்பாள். அவளும் நீங்களும் என் போனை எடுப்பதில்லை. ஆகவே தபால்காரரை நம்புகிறேன்.

நேற்று யுவஸ்ரீயின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமன் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று உங்கள் வாலாஜாபாத்தே கேட்டிருக்கும். நடந்தது இதுதான். நம் ஆட்கள் காலையிலேயே வேனில் கிளம்பிவிட்டார்கள். மாமன் சேலைக்கு ரவிக்கை தைத்து வாங்க நான் மட்டும் பின்தங்கினேன். மோகன்ராஜ் கம்பெனியில் ஓ.டி. என்று பைக்கை எடுத்துப்போய்விட்டான். சர்க்கரைக்குச் சைக்கிள் மிதிக்கச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாரே என்று சேலைப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரகடம் சந்திப்பில் வலது பக்கம் திரும்பினால் வாலாஜாபாத். திரும்பத்தான் நின்றேன் மாப்பிள்ளை. சிக்னலில் பக்கத்தில் ஒரு நீள ட்ரெய்லர். அதன்மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தி, வீட்டு உயரத்துக்கு என்னவோ உருண்டையாக. காலமெல்லாம் கம்பெனி கேன்டீனில் சாம்பார் ஊற்றியவன் நான்; கேட்டைத் தாண்டிப் போகிற லோடுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. "இன்னாபா அது?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன். "ராக்கெட்டா இருக்கும் பெரீவரே" என்றார். ஸ்கூட்டியில் இருந்த அம்மா, "சாமி செலைங்க" என்றது. அப்போதுதான் கண்ணில் பட்டது: பின்பக்கம் லோடைக் கட்டிய பட்டை அவிழ்ந்து தொங்குகிறது. பச்சை விழுந்தது. ட்ரெய்லர் நேராகச் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் போனது. நானும் நேராகப் போனேன். பட்டைக்காகவா, உள்ளே இருப்பதற்காகவா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

ஷிப்ட் பஸ்கள் மறித்ததில் அது ஊர்ந்தது, எட்டிப் பிடித்துவிட்டேன். மிதித்துக்கொண்டே கத்தினேன்: "டிரைவரே, பின்னால கட்டு அவுந்துகினு கீது!"

"லிப்டுலாம் கெடையாது பெரியவரே, ஒதுங்கிப் போவும்!" கண்ணாடி ஏறிவிட்டது.

லோடு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பக்கத்திலேயே ஆட்கள் நிரம்பிய பஸ். பேரிகார்டில் ட்ரெய்லர் தயங்கிய நேரம் முந்திப்போய், சைக்கிளை ரோட்டில் போட்டுவிட்டு, மாமன் சேலையை எடுத்து உதறி ஆட்டினேன். அரக்குச் சிவப்பு நீங்கள் தேர்ந்தெடுத்ததுதானே? நல்ல தேர்வு. ஒரகடமே நின்றுவிட்டது.

டிரைவர் அடிக்கிற மாதிரி இறங்கி வந்தார். பின்னால் போய்ப் பார்த்தவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கொம்பையா என்று பெயர், தெற்கத்திக்காரர். "பஸ்ஸு மேல சரிஞ்சிருக்குமேய்யா..." என்றார். பஸ்ஸில் இருந்த கம்பெனிப் பிள்ளைகள் இறங்கி வந்து எல்லோருமாக இழுத்துக் கட்டினோம். சேலையில் கிரீஸ் பட்டது அப்போதுதான்.

"அது இருக்கட்டும்பா, உள்ள இன்னா?"

"காத்தாடி மூக்கு. கரண்டு எடுக்குற காத்தாடி நடுவுல மாட்டுவாவல்லா, அதான். எங்கூருப் பக்கம் போவுது."

தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வெளேர் என்று, உள்ளே காலியாக இருந்தது. தலையை விட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் "யுவஸ்ரீ" என்று கூப்பிட்டேன். குழந்தை பெயர் சுற்றிச் சுற்றி வந்தது மாப்பிள்ளை, கோயில் மணி மாதிரி. அப்புறம்தான் நல்ல நேரம் தாண்டிவிட்டது உறைத்தது.

திரும்பி மிதித்து நான் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லாரி, தார்ப்பாய் என்று உளறினேன். யாரும் காது கொடுக்கவில்லை. ஜெயலட்சுமி சேலையைப் பார்த்தாள், கிரீஸைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். யுவஸ்ரீ மட்டும் கிட்டே வந்து மெதுவாக, "உள்ள இன்னா மாமா இருந்துச்சு?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான் அவளுக்குப் பத்துச் சேலை எடுப்பேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே பஸ் ஏறி வந்து மண்டபத்திலேயே படுத்துக்கொள்வேன். இனி எந்த லாரியையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன். தங்கச்சியைச் சமாதானப்படுத்துங்கள். வல்லக்கோட்டை முருகன் மணமக்களைக் கண்போல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
ஏகாம்பரநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம், அன்று என் நம்பரை வாங்கிப்போன கொம்பையா போன் செய்தார். கல்யாணத்தன்று காலையில் காற்றாடியின் இறக்கை வருகிறதாம். அவ்வளவு நீளத்தை ஒரகடம் சந்திப்பில் எப்படித் திருப்புவார்கள் என்றே தெரியவில்லை. யுவஸ்ரீக்குப் போனில் சொன்னேன், அவள் மட்டும் எடுக்கிறாள். முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று உங்களைக் கேட்கச் சொன்னாள்.