மாப்பிள்ளை போட்ட 444

கொங்கு நாட்டில் புது மாப்பிள்ளை தப்பே செய்ய மாட்டார். செய்தாலும் எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. அந்த மரியாதை எவ்வளவு ஆபத்தானது என்பதை, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் என் மாமனாரின் பனியன் கம்பெனி ஒரு முழுப் பகல் அனுபவித்தது. நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

கல்யாணமான கையோடு, கம்பெனி ஃபைல்களெல்லாம் இருக்கும் சர்வரை மாமனார் என்னிடம் ஒப்படைத்தார். அதுவரை அதைக் கவனித்து வந்தவள் அவர் மகள், அதாவது என் மனைவி கவிதா. ("மாப்பிள்ளை வந்தாச்சு, இனி உனக்கெதுக்கு கண்ணு இந்தச் சிரமம்?" என்றாராம். அவள் பதிலே பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மண்டு நான்!)

அந்த வாரமே ஒரு நாள் காலையில் யாரோ ஒருவர், துணியை எப்படி வெட்டுவது என்று கட்டிங் மெஷினுக்குச் சொல்லும் ஃபைலின் மேல் வேறு சைஸைச் சேமித்துவிட்டார். வெட்டிய துணி வீண். குழந்தைகள் இரவு உடை ஆர்டர். மறுபடி வெட்டி அன்று சாயங்காலத்துக்குள் தையலுக்கு அனுப்பாவிட்டால் கப்பல் போய்விடும், ஆர்டரும் போய்விடும்.

"அந்த ஃபைலுகள எல்லாரும் பாக்கட்டுமுங்க மாப்பிள்ளை. ஆனா ஆரும் கை வெக்கக் கூடாதுங்க," என்றார் மாமனார்.

எங்கள் சர்வர் ஓடும் லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதிகள். படிக்க மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்க 444 என்று போட வேண்டும். அந்த ஃபைல்களுக்கு மட்டும் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். நானோ நல்ல பெயர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தேன். மொத்த சர்வருக்கும் போட்டேன்.

டிசைன் பார்க்கும் ஈஸ்வரி பக்கத்தில்தான் நின்றாள். "ஏனுங்க சார், எல்லாத்துக்குமுங்களா?"

"ஆமாங்க. ஒரேயடியாப் பூட்டிட்டா நிம்மதி."

"நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்," என்று போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். ஒரு ஃபைலும் திறக்கவில்லையாம். ஃபோல்டருக்கு 'இயக்க' என்றால் உள்ளே நுழையும் அனுமதி. அதையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறேன். சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அனுமதி மாற்றும் கட்டளையை அடித்தேன். 'அனுமதி இல்லை' என்றது. அந்தக் கட்டளையும் ஒரு ஃபைல்தானே ஐயா! அதை இயக்கும் அனுமதியும் போயிருந்தது. சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

கட்டிங் மெஷின் சும்மா நின்றது. மாமனார் வந்து வந்து பார்த்தார். "பரவாயில்லீங்க மாப்பிள்ளை, காபி குடிங்க." அடுத்த தடவையும் காபி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் மானத்தை விட்டு கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"444 போட்டீங்களா? எதுலீங்க?"

"எல்லாத்துலயும்."

பதிலே இல்லை. இந்தத் தடவை அந்த மௌனம் எனக்குப் புரிந்தது.

ஸ்கூட்டரில் வந்தாள். என் பூட்டுப் படாத வேறொரு லினக்ஸ் இருந்த தன் பென்டிரைவைச் செருகி அதிலிருந்தே சர்வரைக் கிளப்பி, வேண்டிய ஃபைல்களை நகலெடுத்துக் கட்டிங்குக்குக் கொடுத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. பிறகுதான் அப்பா பக்கம் திரும்பினாள்.

"இவருகிட்டக் குடுக்கறப்ப என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

மாமனார் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காதது அவர் மட்டுமா? எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆர்டர் கப்பலேறியது. சர்வரின் பாஸ்வேர்டு அன்றிலிருந்து கவிதாவிடம். நான் இப்போது பேக்கிங் பார்க்கிறேன். போதாக்குறைக்கு சர்க்கரை வியாதியும் வந்து சேர்ந்துவிட்டது.

மாமனார் இன்றுவரை என்னைத் திட்டியதில்லை. ஆனால் எந்த விசேஷமானாலும் மைசூர்பாகுத் தட்டை என் முன்னால் கொண்டுவந்து, நான் கை நீட்டும் நேரம் பார்த்து, அதே பணிவோடு சொல்வார்:

"மாப்பிள்ளை பாக்கலாமுங்க. கை வெக்கக் கூடாதுங்க."

வீடே சிரிக்கும். நான் கவிதாவைப் பார்ப்பேன். அனுமதி கொடுக்கிற இடம் அதுதானே. அவள் தலையை ஆட்டுவாள், இல்லை என்று.